ஐந்தரை முதல் ஆறு வரை

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியம் நடத்தும் சங்கிலி ஜெபத்தில் எட்டுப் பேர் இருக்கிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு முதலாமவர் தம் வீட்டில் முழங்காலிடுவார். அரை மணி நேரம் முடிந்ததும் அடுத்தவருடைய கைபேசிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு முறை மணியடித்ததும் துண்டித்துவிட வேண்டும்; அந்தப் பக்கம் இருப்பவர் எடுக்கக் கூடாது. அவர் தம் அரை மணியை முடித்து, அதற்கடுத்தவருக்குக் கொடுப்பார். இப்படியே எட்டு மணி வரை, ஆண்டின் எல்லா நாட்களிலும். நான்காவது இடம் என்னுடையது.

அந்த இடத்தை நானே கேட்டு வாங்கினேன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்தபின், ஐக்கியத்தின் செயலாளர் ஒலிபெருக்கியின் முன் வந்து, சங்கிலியில் இருந்த ஒருவர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டதாக அறிவித்தார். "படிக்கிற பிள்ளைங்க யாராவது வாங்களேன். எங்க முட்டியெல்லாம் தேஞ்சு போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை உயர்த்தினேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது.

அம்மாவின் வியப்பில் நியாயம் இருந்தது. நான் பாடகர் குழுவில் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்ததில்லை. முதுகலைத் தமிழ் படிக்கிறேன். கருத்தரங்கில் என் கட்டுரையை நானே வாசிக்கும்போதுகூட மூன்றாம் பத்தியில் குரல் இறங்கிவிடும். யாரும் பார்க்காத, யாரும் கேட்காத ஊழியம் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்றால் அது எனக்கென்றே வைக்கப்பட்டது என்று நினைத்தேன். செயலாளர் என் எண்ணைக் குறித்துக்கொண்டு, "யோசிச்சுக்கம்மா. இது இஷ்டம் இருந்தா பண்றது, இல்லன்னா விடறது இல்ல. இதுவும் ஒரு அழைப்புதான். ஒரு ஆள் விட்டா சங்கிலி அறுந்துடும்" என்றார்.

"யோசிச்சிட்டேங்க" என்றேன். யோசித்திருக்கவில்லை.

எட்டுப் பேருக்கும் மாதந்தோறும் ஓர் அட்டை வரும். ஒருவருக்குப் பள்ளிப் பிள்ளைகள், ஒருவருக்கு வேலையற்றவர்கள், இப்படிப் பிரித்திருப்பார்கள். எனக்கு வந்தது நோயாளிகளின் அட்டை. அதில் பெயர்கள் இருக்காது. 'ஒரு சகோதரர், சிறுநீரகம், வாரம் இருமுறை சுத்திகரிப்பு' என்பது போல ஒரு வரி மட்டும். பெயர் ஆண்டவருக்குத் தெரியும், நமக்கு எதற்கு என்பது செயலாளரின் கொள்கை.

முதல் இரண்டு மாதங்கள் நன்றாகவே போயின. அதன்பின் அந்த அரை மணி நேரம் என்னைப் படுத்தத் தொடங்கியது.

அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். தெருவைப் பார்த்த சிறிய அறை என்னுடையது. ஐந்தரைக்கு எனக்கு முன்னவரிடமிருந்து, அவர் ஒரு நர்ஸ், மிஸ்டு கால் வரும். முழங்காலிடுவேன். அட்டையில் இருக்கும் ஒன்பது வரிகளையும் சொல்லி முடிக்க எனக்கு நான்கு நிமிடங்கள் போதும். மெதுவாகச் சொன்னால் ஆறு. மீதி இருபத்து நான்கு நிமிடங்களில் கீழே வீட்டுக்கார மாமி வாசல் தெளிக்கும் ஓசை கேட்கும். பால் வண்டி வரும். காவிரிக்குக் குளிக்கப் போகிறவர்களின் பேச்சு நெருங்கி, தெளிந்து, தேயும். என் மனம் அவற்றோடு ஒவ்வொன்றாக எழுந்து போய்விடும். இழுத்து வந்தால், நான் சொன்ன ஜெபத்தையே திருத்த ஆரம்பிக்கும்: ஒரே அடைமொழி இரண்டு முறை வந்துவிட்டதே, 'இரக்கமாய் இரங்கும்' என்று சொல்லலாமா, என்று. கடிகாரத்தைப் பார்ப்பேன். ஐந்து நாற்பத்தொன்று. மறுபடியும் பார்ப்பேன். ஐந்து நாற்பத்து மூன்று.

இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சபையில் சாட்சி சொல்லும் பெண்கள் ஜெபத்தில் நேரம் போவதே தெரியவில்லை என்பார்கள். எனக்கு நேரம் போவது மட்டுமே தெரிந்தது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. பருவத் தேர்வு நெருங்கியது. ஒரு விடியற்காலை நர்ஸின் மிஸ்டு கால் என் உறக்கத்துக்குள் எங்கோ ஒலித்து அடங்கியது. விழித்தபோது ஐந்து ஐம்பத்தெட்டு. எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு நிமிடங்கள் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு, எனக்கு அடுத்தவருடைய எண்ணை அழுத்தி, இரண்டு முறை மணியடிக்கவிட்டுத் துண்டித்தேன்.

சங்கிலி அறுபடவில்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கு முதலில் தோன்றிய உணர்ச்சி வெட்கம் அல்ல என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். அது நிம்மதி. மறுநாள் உண்மையாகவே எழுந்திருக்க நினைத்தேன், எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் முதல் அலாரத்தை ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு மாற்றிவைத்தேன். போர்வைக்குள்ளிருந்தே மிஸ்டு கால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தேர்வு முடியும்வரை மட்டும் என்று எனக்கு நானே ஒரு தவணை சொல்லிக்கொண்டேன். இப்படிப் பத்து நாட்கள்.

பதினோராம் நாள், நான் கொடுத்த மிஸ்டு காலை அந்தப் பக்கத்தில் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ. வச்சிடாத பாப்பா" என்றது ஒரு பெண் குரல்.

எனக்கு அடுத்த இடத்தில் இருப்பவரை எனக்குப் பழக்கமில்லை. உறையூரில் தையல் கடை வைத்திருக்கிறார், நாற்பதுகளின் நடுவில் இருப்பார், ஆலயத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார் என்பது மட்டும் தெரியும். ஒருமுறை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் சுடிதாரின் தோள் தையலைத் தொட்டுப் பார்த்து, "இத எவன் தச்சான்? தையல் மிஷின்ல தச்சானா, ஆட்டோல போயிட்டே தச்சானா?" என்று கேட்டிருக்கிறார்.

"சொல்லுங்க ஆன்ட்டி" என்றேன். குரலில் தூக்கம் தெரியக் கூடாதே என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"எடுக்கக் கூடாதுதான். செயலாளரம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாங்க. இன்னிக்கு ஒரு நாள். உன் அட்டையில மூணாவதா ஒரு சகோதரி இருக்காங்கல்ல? கட்டி, பரிசோதனைன்னு?"

"ஆமாங்க."

"அது நான்தான். மார்புல கட்டி. சதை எடுத்து அனுப்பியிருக்காங்க, இன்னிக்குச் சாயந்தரம் ரிசல்ட். உனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு. செயலாளரம்மாவ நச்சரிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், என் வரி உன் அட்டையில இருக்குன்னு. என் நேரம் ஆறு மணிதான். ஆனா நான் அஞ்சரைக்கே எழுந்து உக்காந்துடுவேன். இப்ப ஒருத்தி எனக்காக முட்டி போட்டிருக்கான்னு நினைச்சுக்குவேன். அந்த அரை மணி நேரந்தான் எனக்கு டீ இறங்குது. மத்த நேரம் தொண்டைலயே நிக்குது. அதான். சரி, வச்சிடறேன். உன் ஜெபத்த விட்டுடாத."

நான் என்ன சொன்னேன்? "சரிங்க ஆன்ட்டி" என்றேன்.

அன்று கல்லூரிக்குப் போகும்போது டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் நின்றுவிட்டது. எதிரே ஒரு லாரி பழுதாகியிருந்தது. கீழே மழைநீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. இருபது நிமிடங்கள் அசையாத பஸ்ஸில் உட்கார்ந்து, என் முன்னால் இருந்த இரண்டு வழிகளையும் யோசித்தேன். நாளை முதல் எழுந்து ஒழுங்காக ஜெபிக்கலாம். நடந்ததைச் சொல்ல வேண்டியதே இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே அரை மணி நேரத்தை நான் போய்ப் பிடுங்குவானேன்? இது கருணையான வழியாகத் தோன்றியது. கருணையாக இருந்ததோடு எனக்கு மிகவும் வசதியாகவும் இருந்தது. அந்த வசதிதான் உறுத்தியது.

மறுநாள் ஐந்தரைக்கு முழங்காலிட்டேன். அட்டையின் முதல் இரண்டு வரிகளைச் சொன்னேன். மூன்றாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. நான் ஏமாற்றிய ஒருவருக்காக, ஏமாற்றியதை அவருக்குச் சொல்லாமல், என்ன கேட்பது? அடுத்த நாளும் அதே இடத்தில் நின்றது. நான்காம் நாள் மாலை உறையூருக்குப் போனேன்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. அவர் மேசையில் ஒரு ரவிக்கைத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அட, சங்கிலி! வா வா. அந்தத் தோளைப் பிரிச்சுத் தைக்கத்தான வந்திருக்க?" என்றார். பிறகு நான் கேட்காமலே, "ரிசல்ட் கெட்டதுதான். ஆரம்பந்தானாம், பயப்பட வேணாங்கறாங்க. மார்கழில ஆபரேஷன். தில்லை நகர் ஆஸ்பத்திரில" என்றார். சொல்லும்போது கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். தூங்கிவிட்டதை, அலாரத்தை மாற்றியதை, போர்வைக்குள்ளிருந்து மிஸ்டு கால் கொடுத்ததை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

கத்தரி நின்றது.

"எத்தனை நாளு?"

"பதினோரு நாள்."

"எண்ணி வச்சிருக்கியா?"

"ஆமாங்க."

"எண்ண மட்டும் நல்லாத் தெரியுது." துணியின் வெட்டிய விளிம்பை விரலால் நீவினார். பின்பு நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "பதினோரு நாளும் நான் டீ குடிச்சேன்டி. நீ அங்க முட்டி போட்டிருக்கேன்னு நெனச்சு இங்க நான் உக்காந்து டீ குடிச்சேன். நீ குறட்டை விட்டிருக்க."

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. செயலாளர்கிட்டச் சொல்லிட்டு நான் விலகிக்கறேன். வேற யாராவது பொறுப்பா…"

"விலகிக்குவியா?" அவர் கத்தரியை மேசைமேல் வைத்த ஓசையில் பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "இதச் சொல்றதுக்கு உறையூர் வரைக்கும் வந்தியா? தப்பும் பண்ணுவ, அதச் சொல்லிட்டு லேசாயிட்டுப் போயிடுவ. எனக்கு அஞ்சரைக்கு யாரு? போ. கஸ்டமர் வர்ற நேரம்."

படியிறங்கினேன். அவர் சொன்னது சரி. லேசாவதற்காகத்தான் வந்திருந்தேன், லேசாகவும் இல்லை.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு நர்ஸின் மிஸ்டு கால் வந்தது. முழங்காலிட்டேன். ஒரு நிமிடம் கழித்துக் கைபேசி மறுபடி ஒலித்தது, நிற்காமல் ஒலித்தது. உறையூர் எண்.

"எழுந்துட்டியா?"

"எழுந்துட்டேன் ஆன்ட்டி."

"ஆரம்பி."

"எதைங்க?"

"ஜெபத்த. சத்தமா. நான் கேட்டுக்கிட்டிருப்பேன். நீ பண்றேன்னு சொன்னா நம்பிக்கிட்டிருந்த காலமெல்லாம் போச்சு. அப்புறம், ஆன்ட்டி ஆன்ட்டின்னு கூப்பிடாத. அறுபது வயசான மாதிரி இருக்கு. அக்கான்னு சொல்லு."

சத்தமாக ஜெபிப்பது எங்கள் சபையில் பெரும்பாலோருக்குப் பேச்சைப் போல வரும். எனக்கு வராது. வராததால்தான் இந்த ஊழியத்துக்கு வந்தேன். "ஆண்டவரே, இந்தச் சகோதரியை…" என்று தொடங்கினேன்.

"சகோதரியா? எம்பேரு இல்ல?" என்றது கைபேசி.

பெயரைச் சொன்னேன். அதற்குமேல் ஒரு வாக்கியம் ஓடவில்லை. எழுதிப் பார்த்து, அடித்து, மறுபடி எழுதியே பழகியவளுக்கு, சொன்னதை அடிக்க முடியாத பேச்சு எவ்வளவு பெரிய வெட்டவெளி என்று அன்று தெரிந்தது. நீண்ட இடைவெளிகளோடு, கட்டி, ஆபரேஷன், மருத்துவர், வலி என்று அகராதியைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கண்டுபிடித்துக் கேட்டேன். பிறகு மற்ற எட்டு வரிகள். ஆறு மணிக்கு அவர், "சரி. இப்ப என் நேரம். வச்சிடு" என்றார். நன்றி சொல்லவில்லை.

நாள்தோறும் இது நடந்தது. அறைக் கதவுக்கு வெளியே ஒருநாள் அம்மாவின் நிழல் தெரிந்தது.

"யாருகிட்டடி பேசிக்கிட்டிருக்க இந்நேரத்துல?"

"ஆண்டவர்கிட்டம்மா."

"போன்லயா?"

மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பு இருமலாக மாறி அடங்க வெகுநேரம் ஆயிற்று. உறையூரிலிருந்து வந்த பிறகு அவரிடமிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

மார்கழி பிறந்ததும் எங்கள் தெருவில் பாசுரங்களை ஒலிபெருக்கியில் போட ஆரம்பித்தார்கள். "உன் ஜெபத்த விட உங்க தெரு மைக்குதான் நல்லாக் கேக்குது" என்றார் அக்கா கைபேசியில். "நல்லாத்தான் பாடறாங்க. நீயும் கொஞ்சம் குரல ஏத்து." ஏற்றினேன். வீட்டுக்கார மாமி அன்று மாலை படியில் என்னை நிறுத்தி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாரென்று அவர் கேட்கவில்லை.

எனக்கு ஜெபம் பழகிவிட்டது என்று எழுத ஆசைதான். பழகவில்லை. மனம் முன்புபோலவே எழுந்து எழுந்து போனது. ஒருமுறை 'மருத்துவரின் கைகளை வழிநடத்தும்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அன்று திருப்பித் தர வேண்டிய நூலக நூல் எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வந்த ஒரு வாரத்தில் இந்தப் பெண்மணி ஒரு நாளாவது அழைக்காமல் இருக்கக் கூடாதா என்று வெறுப்பாகவே இருந்தது. ஆனாலும் ஐந்து முப்பத்தொன்றுக்கு மணி ஒலிக்கும். குரல் தானாக எழும். ஆர்வம் இருந்த இரண்டு மாதங்களைவிட, ஆர்வமில்லாத இந்த வாரங்களில்தான் அட்டையின் ஒன்பது வரிகளும் ஒருநாள் விடாமல் சொல்லப்பட்டன. இதை எந்தப் பெயரால் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உற்சாகம் என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் காலை ஜெபம் முடிந்ததும் அவர் உடனே வைத்துவிடவில்லை.

"இன்னிக்குச் சாயந்தரம் அட்மிட் ஆகறேன். நாளைக்குக் காலைல போன் வராது. வாங்கி வச்சிடுவாங்களாம். ஆறு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க."

"சரிங்க அக்கா."

"நான் கேக்காட்டியும் பண்ணுவியா?"

கேலியில்லாமல் கேட்டார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தார். கையைத் தூக்கி ஒரு பொறுப்பை வாங்குவது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும். அதனால் உடனே பதில் சொல்லவில்லை.

"பண்ணுவேன்" என்றேன் பிறகு.

"என்னோட ஆறு மணி?"

"அதையும் நான் பாத்துக்கறேன். ஆறரைக்காரங்க நம்பரைக் குடுங்க."

நம்பரைச் சொல்லிவிட்டு, "கூடவே தூங்கிடாத" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஐந்தரைக்கு அறை புதிதாக இருந்தது. கேட்பதற்கு ஒருவரும் இல்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, முன்போல மனத்துக்குள் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். குரல் தயங்கியது. அவர் பெயரைச் சொன்னேன், சத்தமாகவே. தெரு ஒலிபெருக்கிக்கு மேலாகக் கேட்க வேண்டுமென்று இல்லை, எனக்கு நானே கேட்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு நிமிடங்களில் சொற்கள் தீர்ந்துவிட்டன. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஆறு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்ததும் எழுந்து சன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், முழங்காலிட்டேன், மறுபடி எழுந்தேன். அவருடைய அட்டை என்னிடம் இல்லை. அதில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்தில் பதினான்கு முறை கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரைக்கு, முகமறியாத ஒருவருக்கு மிஸ்டு கால் கொடுத்தபோது முட்டியில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன.

மாலையில் தில்லை நகர் போனேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவர் கணவர் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எடுத்துட்டாங்கம்மா. நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாரு. இன்னும் மருந்தெல்லாம் இருக்காம், ஆறேழு மாசம் ஆகுமாம். அஞ்சு நிமிஷம் பாக்கலாம், போங்க" என்றார்.

அவர் கண்ணை மூடியிருந்தார். முகம் சிறுத்துப் போயிருந்தது. நான் கட்டிலருகே நின்றதும் கண் திறந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு கணம் ஆயிற்று.

"பண்ணினியா?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"பண்ணினேன் அக்கா. ஆறரை வரைக்கும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சோதித்துப் பார்க்க ஒரு வழியும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் சொன்ன சொல் ஒன்றுதான் இருந்தது. அதன் மதிப்பு என்னவென்றும் அவருக்குத் தெரியும். பார்வையை விலக்காமல் நின்றேன். எனக்கு அது கடினமாக இருந்தது.

"சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் நகரப் போகும்போது, மூடிய கண்களோடே, "இனிமே உன் ஜெபத்தக் கேக்கறதுக்கு நான் போன் பண்ண மாட்டேன்" என்றார்.